தண்ணீர் 104.5, ஹைட்ரஜன் சல்ஃபைடு 92: பையன் கேட்ட கேள்விக்கு என்ன சொல்வது?

மாடி_டியூஷன்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ராஜபாளையத்தில் வீட்டு மாடியில் ஷீட் போட்டு பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மொத்தம் பதினோரு பேர், எல்லாரும் தமிழ் வழி.

போன வாரம் மூலக்கூறுகளின் வடிவம் நடத்தினேன். இணைதிறக்கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கல், அதான் காலேஜில் நாங்கள் 'வெஸ்பர்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. போர்டில் பிணைப்புகளுக்கு இடையிலான கோணத்தைப் பாகையில் மீத்தேன் 109.5, அமோனியா 107, தண்ணீர் 104.5 என்று வரிசையாக எழுதினேன். தனித்த எலக்ட்ரான் இரட்டை, அதாவது பிணைப்பில் சேராத ஜோடி, ஒன்று இருந்தால் கோணம் கொஞ்சம் சுருங்கும், இரண்டு இருந்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும் என்றேன். படி இறங்குகிற மாதிரி அழகாக வந்தது. எனக்கே திருப்தியாக இருந்தது.

பின்னால் உட்காருகிற பையன் ஒருத்தன் கைடு புத்தகத்தின் கடைசியில் இருந்த அட்டவணையைப் புரட்டிவிட்டு எழுந்தான். "அக்கா, ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் ரெண்டு தனி இரட்டைதானே? அதுக்கு மட்டும் ஏன் 92?" அதோடு விட்டானா, இல்லை. "பிணைப்புலயும் ரெண்டு எலக்ட்ரான், தனி இரட்டைலயும் ரெண்டு எலக்ட்ரான். தனியா இருக்கறது மட்டும் ஏன்க்கா ஜாஸ்தி தள்ளுது? எலக்ட்ரான் எலக்ட்ரானைத் தள்ளும்னா ரெண்டும் எப்படிக்கா ஜோடியா ஒரே இடத்துல உக்காருது?"

நாளைக்குச் சொல்றேன்டா என்றேன். ஐந்து நாளாகிறது. தினமும் மாடிப்படி ஏறியதும் முதல் வேலையாக என் முகத்தைப் பார்க்கிறான். யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.


நீட்_ரிப்பீட்டர்

அக்கா ரொம்ப சிம்பிள். மைய அணுவோட எலக்ட்ரான் கவர்திறன் (பிணைப்பு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கற சக்தி) குறைஞ்சா கோணம் குறையும். ஆக்சிஜன் 3.44, சல்ஃபர் 2.58. முடிஞ்சுது. பக்கத்து அணுவோட கவர்திறன் கூடினாலும் கோணம் குறையும், அமோனியா 107, நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு 102. இந்த ரெண்டு லைன் போதும், கேள்வி எப்படி வந்தாலும் மார்க்கு. எல்லாமே எஸ்பி த்ரீ இனக்கலப்புதான் (ஒரு எஸ், மூணு பி ஆர்பிட்டால் கலந்தது), அதுல டவுட்டே வேணாம்.


மாடி_டியூஷன்

தம்பி, அந்த ரெண்டு லைனும் எனக்கும் தெரியும். அதைச் சொன்னால் "ஏன்க்கா குறையும்?" என்று அடுத்த நிமிஷம் கேட்பான். அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.


பனங்காடு

அம்மா, முதலில் அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராக இருந்தேன். அந்த மூன்றாவது கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் மொத்தம் நாலு பேர் இருக்கும்.

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தபோது பலூனை வைத்துத்தான் இந்தப் பாடம் நடத்துவேன். இரண்டு பலூனின் கழுத்தைச் சேர்த்துக் கட்டினால் நேர்கோடு. மூன்றைக் கட்டினால் தட்டையாக 120 பாகை. நாலைக் கட்டினால், யாரும் எதுவும் செய்யாமலே நான்முகி. ஒருநாள் நாலு பலூன் கொத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்று ஜன்னல் கம்பியில் பட்டு வெடித்தது. மிச்சம் மூன்றும் படக்கென்று விரிந்து ஒரே தளத்துக்கு வந்து நின்றன. வகுப்பே கைதட்டியது. நானும் பெருமையாக, "பார்த்தீங்களா, எலக்ட்ரான் இரட்டைகள் இப்படித்தான் ஒன்றையொன்று தள்ளும்" என்றேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். பலூனில் ஏது மின்சுமை? எதிர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் விலக்குவதால்தான் இந்த வடிவமெல்லாம் வருகிறது என்று அதற்கப்புறமும் பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். 'விலக்கல்' என்ற சொல்லே நம்மை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நடப்பது இடம் பிடிக்கிற சங்கதி.

நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். காயின் தலையைச் சீவினால் மூன்று கண் தெரியும். ஒன்றுக்கொன்று ஆகாமலா அவை விலகி நிற்கின்றன? ஒரே காய்க்குள் மூன்றும் பெருத்தன. ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று இருக்க முடியாது, ஆகவே 120 பாகையில் அமைந்தன. சில காயில் இரண்டே கண் இருக்கும், அவை எதிரெதிரே கிடக்கும். போரான் ட்ரைஃபுளூரைடும் கார்பன் டைஆக்சைடும் அவ்வளவுதான். கார்பன் டைஆக்சைடில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். நாலு எலக்ட்ரான் இருந்தாலும் ஒரே திசையில் ஒரே பொதியாக இருப்பதால் அது ஒரு கண்தான். இந்தக் கொள்கையை 1957-ல் நைஹோமோடு சேர்ந்து எழுதிய கில்லெஸ்பியே பின்னாளில் 'டொமைன்' என்றுதான் பேச ஆரம்பித்தார். டொமைன் என்றால் ஆட்சிப்பகுதி, தனக்கென்று பிடித்துவைத்த இடம்.

(இடையில் ஒன்று. நைஹோம் பிறந்தது ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரில், 1917-ல். அந்த ஊர்த் தெருக்களின் பெயர் ஆக்சைடு தெரு, குளோரைடு தெரு, புரோமைடு தெரு, அயோடைடு தெரு, சல்ஃபைடு தெரு. அப்படி ஒரு ஊரில் பிறந்தவர் வேறு என்ன படித்திருப்பார்?)

இப்போது பையனின் இரண்டாவது கேள்வி. எண்ணிக்கையில் எல்லா இரட்டையும் ஒன்றுதான், அவன் சொல்வது சரி. பிடித்திருக்கிற இடத்தில்தான் வித்தியாசம். பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அது நீண்டு, ஒல்லியாகி, பாதி உடம்பை அந்தப் பக்கத்து அணுவிடம் வைத்துக்கொள்கிறது. தனி இரட்டைக்கு ஒரே அணுக்கரு. எங்கே போகும்? மைய அணுவை ஒட்டியே அகலமாகப் படர்ந்துவிடுகிறது. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் காலை அகட்டி உட்காருகிற ஆள் மாதிரி. அவர் யாரையும் தள்ளுவதில்லை, ஆனால் மற்ற இருவரும் ஒடுங்கித்தான் உட்கார வேண்டும்.

நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு விஷயமும் இதிலேயே வந்துவிடும். ஃபுளூரின் பிணைப்பு இரட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நைட்ரஜன் அருகில் அது இன்னும் ஒல்லியாகிறது. ஒல்லியானவர்களை நெருக்கி உட்காரவைக்கலாம். அதனால்தான் 102. நீட் தம்பி சொன்ன இரண்டு வரியும் சரிதான், காரணம் இது.

முதல் கேள்விக்கு வருகிறேன். பையனையே ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். தண்ணீரில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் தூரம் 96 பைக்கோமீட்டர். ஹைட்ரஜன் சல்ஃபைடில் சல்ஃபருக்கும் ஹைட்ரஜனுக்கும் 134. பிணைப்பு நீளத்தை இரண்டால் பெருக்கி, கோணத்தில் பாதியின் சைன் மதிப்பால் பெருக்கினால் இரண்டு ஹைட்ரஜனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று வரும். தண்ணீருக்குச் சுமார் 152. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குச் சுமார் 193. கோணம் சிறுத்திருக்கிறது, ஆனால் ஹைட்ரஜன்கள் தண்ணீரில் இருப்பதைவிட விலகித்தான் நிற்கின்றன! 92 என்ற எண்ணைப் பார்த்து நெருக்கடி அதிகம் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே நெருக்கடி குறைவு. சல்ஃபர் பெரிய சீட்டு. பிணைப்பு இரட்டைகள் மையத்தை விட்டுத் தள்ளி இருப்பதால் அவை ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. தனி இரட்டைகள் படர்வதற்குத் தாராளமாக விட்டுக்கொடுத்துவிடுகின்றன. ஆக்சிஜனோ சின்ன அணு, எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடிப்பது. அதைச் சுற்றி நாலு இரட்டையும் தோளோடு தோள் இடிக்கின்றன, கோணம் 104.5-க்குக் கீழே இறங்க வழியில்லை.

பாஸ்பீன் 93.5, ஹைட்ரஜன் செலினைடு 91, டெலுரைடு 90. இந்த வரிசையையும் போர்டில் எழுதுங்கள். உங்கள் படிக்கட்டு இரண்டாம் வரிசைத் தனிமங்களுக்கு மட்டும் கட்டியது. அதை முதல் நாளே சொல்லிவிட்டால் அட்டவணையைப் புரட்டுகிற பையன்களிடம் மாட்டிக்கொள்ள மாட்டோம். நான் மாட்டியிருக்கிறேன்.

மூன்றாவது கேள்வி, ஏன் ஜோடியாக உட்காருகின்றன என்பது, பௌலியின் தவிர்ப்புத் தத்துவத்தில் இருக்கிறது. அதை என்னைவிட ஒழுங்காகச் சொல்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.


அலைச்சார்பு

பனங்காடு ஐயா என்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். குவாண்டம் வேதியியலில் ஆய்வு செய்கிறேன். பகலெல்லாம் கணினிதான், வகுப்பெடுத்த அனுபவம் இல்லை. புரியவில்லை என்றால் கேளுங்கள்.

எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி இரண்டு விதம், மேல், கீழ். ஒரே தற்சுழற்சி உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்கவே முடியாது. அது பௌலி. மின்சுமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்தத் தடை இருக்கும். எதிர்த் தற்சுழற்சி உள்ளவற்றுக்கு இந்தத் தடை கிடையாது, மின்விலக்கம் மட்டும்தான்.

எட்டு எலக்ட்ரான் உள்ள வெளிக்கூட்டில் நாலு மேல், நாலு கீழ். நாலு மேல்களும் ஒன்றையொன்று தவிர்க்க வேண்டும் என்றால் அவை இருக்க அதிக வாய்ப்புள்ள அமைப்பு நான்முகி. நாலு கீழ்களும் அதேபோலத் தனியாக ஒரு நான்முகி. இந்த இரண்டு நான்முகிகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நியான் அணுவில் இரண்டும் பாட்டுக்கு எப்படி வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளும். அதனால்தான் நியான் உருண்டை. அங்கே இரட்டைகள் என்று எதையும் கைகாட்டிச் சொல்ல முடியாது.

இப்போது ஒரு ஹைட்ரஜன் கருவைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நேர்மின்சுமை. அது மேலில் ஒன்று, கீழில் ஒன்று என இரண்டையும் தன் பக்கம் இழுக்கும். இரண்டு நான்முகிகளின் ஒரு முனை அங்கே ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது ஹைட்ரஜனும் வந்தால் இன்னொரு முனையும் ஒட்டும். இரண்டு முனை ஒட்டிவிட்டால் மிச்ச இரண்டு முனையும் தானாகப் பொருந்திவிடும். தண்ணீரின் இரண்டு தனி இரட்டைகள் அப்படி உண்டானவை. ஆக, பையனிடம் சொல்ல வேண்டியது: எலக்ட்ரான்கள் ஆசைப்பட்டு ஜோடி சேரவில்லை, பக்கத்து அணுக்கரு பிடித்து ஜோடி சேர்த்துவைத்தது.

ஹைட்ரஜன் ஃபுளூரைடில் ஒரே ஒரு முனைதான் ஒட்டுகிறது. அதனால் ஃபுளூரினின் பின்பக்கம் மூன்று தனித்தனி இரட்டைகள் என்று புத்தகத்தில் புள்ளி வைப்பது வசதிக்காகத்தான். அங்கே வளையம் மாதிரி ஒரு படர்வுதான் இருக்கிறது.

நீட் தம்பிக்கு ஒரு வார்த்தை. "எல்லாமே எஸ்பி த்ரீ" என்பதைத் தேர்வில் எழுதிக்கொள்ளுங்கள், நம்பிவிட வேண்டாம். மூன்றாம் வரிசையில் எஸ் ஆர்பிட்டாலுக்கும் பி ஆர்பிட்டாலுக்கும் அளவு வித்தியாசம் அதிகம், சரியாகக் கலப்பதில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடின் பிணைப்புகள் பெரும்பாலும் பி ஆர்பிட்டால்களால் ஆனவை. அவை 90 பாகையில் இருப்பவை. 92 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐயா சொன்ன விளக்கத்துக்கும் இதற்கும் சண்டை இல்லை.


நீட்_ரிப்பீட்டர்

அண்ணா, ஆப்ஷன்ல எஸ்பி த்ரீதான் இருக்கும். நான் என்ன பண்ண 😄


வடலி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறன். எங்கட பக்கம் இதை இலத்திரன் சோடித் தள்ளுகை எண்டுதான் சொல்லுவம், லோன் பேயருக்குத் தனிச்சோடி. 'விலக்கல்' பிழையான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகுது எண்டு பனங்காடு ஐயா சொல்லுறார். அப்ப எங்கட 'தள்ளுகை' என்ன செய்யும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ!

சோடியின்ர பருமன்தான் விசயம் எண்டு காட்ட நான் வகுப்பிலே எப்பவும் கொண்டுபோற உதாரணம் ஒண்டு இருக்கு. நைத்திரோனியம் அயன், நைதரசனீரொட்சைட்டு, நைத்திரைற்று அயன். மூண்டிலையும் ஒரு நைதரசன், ரெண்டு ஒட்சிசன். முதலாவதில் நைதரசனிலே தனி இலத்திரன் ஒண்டுமில்லை, கோணம் 180. ரெண்டாவதில் ஒரேயொரு இலத்திரன் இருக்கு, சோடியில்லாமல், கோணம் 134. மூண்டாவதில் முழுச்சோடி, கோணம் 115. பாதிச்சோடி பாதி இடம்தான் பிடிக்குது. மூண்டு எண்ணையும் எழுதிப்போட்டு நான் வாயை மூடிக்கொண்டு நிப்பன், பிள்ளையள் தாங்களே சொல்லிப்போடுங்கள்.


மாடி_டியூஷன்

ஐயா, அலைச்சார்பு, வடலி, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் நடத்திவிட்டேன்.

முதலில் அந்த 152, 193 கணக்கை அவனிடமே கொடுத்தேன். போன் கால்குலேட்டரில் போட்டுவிட்டு 176, 242 என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பார்த்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. அதிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் பெரிசாக வந்ததால் தப்பு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பாகைக்கு மாற்றிப் போட்டதும் சரியாக வந்தது. "அப்போ 92னா நெருக்கம் இல்லையா?" என்று கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நாளில் முதல் தடவையாக அவனிடம் அடுத்த கேள்வி இல்லை.

நுங்கு சொன்னபோது ஒரு பெண் பிள்ளை, "ஒத்தைக் கண் நுங்கும் உண்டுக்கா" என்றாள். ஹைட்ரஜன் ஃபுளூரைடைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது நான் கேட்கிற கேள்வி. சல்ஃபர் டெட்ராஃபுளூரைடில் ஐந்து இரட்டைகள், முக்கோண இருபிரமிடு, அதாவது நடுவட்டத்தில் மூன்று, அச்சில் மேலே ஒன்று, கீழே ஒன்று. தனி இரட்டை நடுவட்டத்தில்தான் உட்காரும், மேலே கீழே உள்ள அச்சில் உட்காராது என்று படித்திருக்கிறேன். பலூனில் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறதே, இதை எப்படிக் காட்டுவது?


வடலி

90 பாகையிலே எத்தினை பக்கத்துவீட்டுக்காரர் எண்டு எண்ணச் சொல்லுங்கோ. அச்சிலே இருந்தால் மூண்டு பேர். நடுவட்டத்திலே இருந்தால் ரெண்டே பேர், மற்ற ரெண்டு பேரும் 120 பாகை தள்ளி. அகலமான ஆள் எங்க இருக்க விரும்புவார்? சீ-சோ வடிவம் அப்பிடித்தான் வருது. நடுவட்டத்திலே உள்ள ரெண்டு ஃபுளோரினும் 120-இலிருந்து 102-க்குக் கிட்ட சுருங்கிப்போகும், அச்சிலே இருக்கிற ரெண்டும் 180-இலிருந்து 173-க்கு வளைஞ்சுபோகும். குளோரின் ட்ரைஃபுளோரைட்டிலே தனிச்சோடி ரெண்டு, ரெண்டும் நடுவட்டம், மிச்சம் டி எழுத்து மாதிரி. செனன் டைஃபுளோரைட்டிலே மூண்டு, மூண்டும் நடுவட்டம், மூலக்கூறு நேர்கோடு. ஒரே சட்டம்தான்.

தனிச்சோடியே இல்லாத பொசுபரசு பென்ராகுளோரைட்டிலையும் இது தெரியும். அச்சுப் பிணைப்பு 214 பிக்கோமீற்றர், நடுவட்டப் பிணைப்பு 202. அச்சிலே இருக்கிறவருக்கு நெருக்கடி கூட, அதாலே கொஞ்சம் தள்ளி நிக்கிறார்.


பனங்காடு

வடலி சொன்னது அருமை. 'பக்கத்துவீட்டுக்காரர்' என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை, எடுத்துக்கொள்கிறேன்.

பலூனில் காட்ட ஒரு வழி இருக்கிறது அம்மா. ஐந்தில் ஒன்றைப் பெரிய சைஸ் பலூனாக வாங்கி முக்கால்வாசி ஊதுங்கள். கட்டிவிட்டுக் கொத்தைக் குலுக்கினால் அது பெரும்பாலும் நடுவட்டத்துக்கு வந்து உட்காரும். முதல் தடவையே வராவிட்டால் பிள்ளைகள் முன்னால் பதற வேண்டாம், இன்னொரு தடவை குலுக்குங்கள்.

ஆனால் பலூனும் நுங்கும் எல்லா இடத்துக்கும் வராது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவையுங்கள். பேரியம் ஃபுளூரைடு வாயு நிலையில் வளைந்திருக்கிறது, இந்த விதிப்படி நேர்கோடாக இருக்க வேண்டும். ட்ரைமெத்தில் அமீன் பிரமிடு, கார்பனுக்குப் பதில் சிலிக்கான் வைத்த ட்ரைசிலைல் அமீனோ தட்டை. இடைநிலை உலோக அணைவுகள் பக்கம் போகவே வேண்டாம்.

ரேடியன் சங்கதியைப் படித்துச் சிரித்தேன். அந்தப் பையனுக்கு அடுத்த வேலையாகச் செனான் ஹெக்ஸாஃபுளூரைடைக் கொடுங்கள். ஆறு பிணைப்பு, ஒரு தனி இரட்டை, மொத்தம் ஏழு. நோட்ஸில் 'உருக்குலைந்த எண்முகி' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். அது எப்படி உருக்குலைந்தது என்று அவன் கேட்கத்தான் போகிறான். ஏழு பலூனைக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கட்டியவரை ஒரு தடவை வந்த வடிவம் மறு தடவை வந்ததில்லை. கட்டி முடித்துக் கையில் பிடித்திருக்கும்போதே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் புரண்டுவிடும். செனான் ஹெக்ஸாஃபுளூரைடு மூலக்கூறும் வாயு நிலையில் அப்படித்தான், ஒரு வடிவத்தில் நில்லாமல் புரண்டுகொண்டே இருக்கிறது.